வேலை போன காலத்தில் வீட்டுக் கடனும் குதிரையும்: எதை எப்போது தீர்ப்பது

‘யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும்’ என்பார்கள். கடன் வாங்கிக் கட்டிய வீடும் அதன் பின்புறக் கொட்டிலில் ஒரு குதிரையும் உள்ள குடும்பத்தில் இரண்டு வகைத் தீனியும் ஒரே சம்பளத்தில்தான் நடக்கிறது. குமரி மாவட்டத்தில் ஆடு மாடு வளர்ப்பவர்களோடு ஒப்பிட்டால் குதிரை வளர்ப்பவர்கள் மிகச் சிலரே. ஆனால் வளைகுடா வேலையையோ, திருவனந்தபுரம் டெக்னோபார்க் வேலையையோ, சென்னை, பெங்களூரு வேலையையோ நம்பி வீட்டுக் கடன் எடுத்தவர்கள் இங்கே ஏராளம். ஆட்குறைப்பில் வேலை போய், கையில் ஒரு தொகை வந்து சேரும்போது அவர்களுக்கு முதலில் தோன்றுவது, அந்தத் தொகையைக் கொண்டுபோய்க் கடனில் கட்டிவிட வேண்டும் என்பதுதான். கடனை முன்கூட்டியே அடைப்பது நல்லதுதான். வேலை போன மாதத்திலேயே அடைப்பது பெரும்பாலும் நல்லதல்ல. ஏன் என்பதையும், இடைப்பட்ட காலத்தில் குதிரையை எப்படி வைத்துக்கொள்வது என்பதையும் கணக்கோடு பார்ப்போம்.

கைக்கு வர வேண்டிய பணம்

விடுவிப்புக் கடிதத்தில் கையெழுத்திடுவதற்கு முன், நிறுவனம் உங்களுக்குத் தர வேண்டியது என்ன என்பதைத் தனித்தனியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஓராண்டாவது தொடர்ந்து வேலை செய்த தொழிலாளரை ஆட்குறைப்பு செய்தால், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான ஊதியமோ தருவதோடு, பணியாற்றிய ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியத்தை இழப்பீடாகத் தர வேண்டும் என்பது 1947-ஆம் ஆண்டின் தொழிற்தகராறு சட்டத்தில் இருந்த விதி; 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்திலும் அது தொடர்கிறது. மேலாளர் நிலையில் இருந்தவர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெற்ற மேற்பார்வையாளர்களும் இந்தப் பாதுகாப்புக்குள் வரமாட்டார்கள்; அவர்கள் தங்கள் பணி ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதையே பிடித்துக்கொள்ள வேண்டும். ஐந்தாண்டு முடித்தவர்களுக்குப் பணிக்கொடை உண்டு. கடைசி மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் பணியாற்றிய ஆண்டுகளாலும் பெருக்கினால் அந்தத் தொகை கிடைக்கும். ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து திரும்பியவர்கள், அங்கு ஓராண்டு முடித்திருந்தால், முதல் ஐந்தாண்டுகளில் ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படை ஊதியமும் அதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்கு 30 நாள் ஊதியமும் பணிமுடிவுத் தொகையாகப் பெற உரிமை உள்ளவர்கள். விமானம் ஏறிய பிறகு அதைக் கேட்டு வாங்குவது மிகக் கடினம்.

வருங்கால வைப்பு நிதியைத் தொட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 2024-25 ஆண்டுக்கு அதற்கு வழங்கப்பட்ட வட்டி 8.25 விழுக்காடு, வீட்டுக் கடன் வட்டியும் அப்போது ஏறக்குறைய அதே அளவில்தான் இருந்தது. ஒன்றை எடுத்து மற்றொன்றை அடைப்பதில் ஆதாயம் ஒன்றும் இல்லை. ஐந்தாண்டு தொடர் பணி முடியாமல் எடுத்தால், வேலை போன காரணத்தைப் பொறுத்து வருமான வரியும் விழலாம். அதைவிட முக்கியமாக, வைப்பு நிதியைக் கடன்காரர் யாரும் ஜப்தி செய்ய முடியாது. வீட்டுச் சுவருக்குள் போய்விட்ட பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீடும் வேலையோடு போய்விடும் என்பதால், விலகும் முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிக் காப்பீடாக மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டுவிடுங்கள்.

ஏன் உடனே கட்டக் கூடாது

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். 20 லட்சம் ரூபாய் கடன், 20 ஆண்டு, 8.5 விழுக்காடு வட்டி. மாதத் தவணை 17,356 ரூபாய். வட்டி மாறாமல் இருந்ததாகக் கொண்டால், ஏறத்தாழ ஒன்பது ஆண்டு கட்டிய பிறகும் 15 லட்சம் பாக்கி நிற்கும். இன்னும் 134 தவணைகள் கட்ட வேண்டியிருக்கும். வீட்டுச் செலவு மாதம் 20,000, குதிரைக்கு 9,000 என்று கொண்டால், தவணையையும் சேர்த்து மாதம் 46,356 ரூபாய் வேண்டும். வேலை போனபோது கைக்கு வந்தது 8 லட்சம். அதில் வருமான வரிக்கும் எதிர்பாராத மருத்துவச் செலவுக்குமாக 80,000 ரூபாயைத் தனியே வைத்தால், மீதி 7,20,000 ரூபாய் பதினைந்து மாதங்களுக்குக் குடும்பத்தைத் தாங்கும்.

இப்போது இதிலிருந்து 3 லட்சத்தை எடுத்துக் கடனில் கட்டிவிட்டால் என்ன ஆகும்? தவணையை மாற்றாமல் காலத்தைக் குறைத்தால், கடன் 39 மாதங்கள் முன்னதாக முடிந்து, வட்டியில் சுமார் 3,75,000 ரூபாய் மிச்சமாகும். ஆனால் கையிருப்பு ஒன்பது மாதத்துக்குத்தான் காணும். காலத்தை அப்படியே விட்டுத் தவணையைக் குறைத்தால், மாதம் 13,885 ரூபாய் கட்டினால் போதும். கையிருப்பு பத்து மாதத்துக்குச் சற்றுக் குறைவாக நீடிக்கும். மொத்த வட்டியில் மிச்சமாவது சுமார் 1,66,000 ரூபாய். இரண்டு வழியிலும் ஐந்தாறு மாதத் தாங்குசக்தியை இழந்துவிடுகிறீர்கள்.

காத்திருந்தால் எவ்வளவு நஷ்டம் என்பதையும் போட்டுப் பார்க்க வேண்டும். 3 லட்சத்துக்கு ஆறு மாதக் கடன் வட்டி 12,750 ரூபாய். அதே தொகையை 6.5 விழுக்காட்டில் வைப்பில் போட்டால் ஏறத்தாழ 9,750 ரூபாய் வரும். ஆக, ஆறு மாதம் காத்திருப்பதன் விலை மூவாயிரம் ரூபாய், வைப்பு வட்டிக்கு வரி கட்டுபவர்களுக்கு அதைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். கட்டிய பணத்தை வங்கி திருப்பித் தராது. அந்த மூவாயிரத்தை மிச்சம் பிடிக்கப் போய், எட்டாவது மாதத்தில் தனிநபர் கடனுக்கோ மீட்டர் வட்டிக்கோ கைநீட்ட நேர்ந்தால், மூன்றாண்டு ஆதாயம் ஒரே ஆண்டில் கரைந்துவிடும். கந்துவட்டியைத் தடை செய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003-இலேயே வந்துவிட்டது. ஆனாலும் அவசரம் வரும்போது சந்தை முனையில் கிடைப்பது அதுதான் என்பதை மாவட்டத்தில் எல்லோரும் அறிவார்கள்.

ஆகவே என் பரிந்துரை இது: கடன் அட்டைப் பாக்கி, தனிநபர் கடன் போன்ற அதிக வட்டிக் கடன்களை உடனே அடையுங்கள், அவற்றில் காத்திருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. நகைக் கடன் இருந்தால் அதன் வட்டியைப் பார்த்து முடிவெடுங்கள். வீட்டுக் கடனுக்கென்று ஒதுக்கிய தொகையைக் குறுகிய கால வைப்பில் போட்டுவிட்டு, புதிய வேலை கிடைத்து, முதல் சில சம்பளங்கள் வந்து, வேலை நிலைத்துவிட்டது என்று தெரிந்த பிறகு மொத்தமாகக் கட்டுங்கள். அப்போது காலத்தைக் குறைக்கும் வழியையே தேர்ந்தெடுங்கள். சம்பளம் முன்பைவிடக் குறைவாக இருந்தால் மட்டும் தவணையைக் குறைக்கும் வழி பொருந்தும். பின்னர் கையில் மிஞ்சும்போதெல்லாம் கூடுதலாகக் கட்டிக்கொண்டே வரலாம். உங்கள் வங்கியில் ஓவர்டிராஃப்ட் வகை வீட்டுக் கடன் இருந்தால் அதற்கு மாற முடியுமா என்று வேலையில் இருக்கும்போதே கேட்டு வைப்பது இன்னும் நல்லது. பாரத ஸ்டேட் வங்கியின் மேக்ஸ்கெயின் அந்த வகையைச் சேர்ந்தது. அதில் போடும் உபரிப் பணம் வட்டியையும் குறைக்கும். வேண்டியபோது எடுத்துக்கொள்ளவும் முடியும். அதற்காகச் சற்றுக் கூடுதல் வட்டி கேட்கப்படலாம். வேலை போன பிறகு இத்தகைய மாற்றத்துக்கு எந்த வங்கியும் எளிதில் இணங்காது.

குதிரையின் கணக்கு

மேலே சொன்ன எடுத்துக்காட்டில் குதிரையின் 9,000 ரூபாயை நீக்கிவிட்டால், 7,20,000 ரூபாய் பத்தொன்பது மாதம் வரும். 3 லட்சம் கட்டித் தவணையைக் குறைப்பதில் மாதம் மிச்சமாவது 3,471 ரூபாய்; குதிரையைப் பற்றிய முடிவில் மிச்சமாவது அதைப் போல இரண்டரை மடங்கு. இதைச் சொல்வது குதிரையை விற்கச் சொல்வதற்காக அல்ல. கடனைப் பற்றி இரவெல்லாம் கணக்குப் போடுபவர்கள் கொட்டிலைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் விடுவதால் சொல்கிறேன்.

முதலில், உயிருக்குக் கேடில்லாமல் குறைக்கக்கூடியது எது என்று பாருங்கள். 350 கிலோ எடையுள்ள நாட்டுக் குதிரைக்கு நாளொன்றுக்கு உலர்ந்த நிலையில் ஐந்து முதல் ஏழு கிலோ வரை தீவனம் வேண்டும். பச்சைப் புல்லாகக் கொடுத்தால் ஏறத்தாழ 25 முதல் 35 கிலோ. வயலெல்லாம் வாழையும் ரப்பருமாக மாறிவிட்ட இந்த மாவட்டத்தில் வைக்கோலை விலைக்கு வாங்குவது கட்டுப்படியாகாது; அதே சமயம், தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்யும் நிலம் இது என்பதால், தென்னைகளுக்கு இடையே சில சென்ட் இடம் இருந்தாலும் புல் வளர்த்துவிடலாம். கோ-4, கோ-5 கம்பு நேப்பியர் புல் நன்றாக வரும். ஆனால் அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் குதிரையின் உடலில் சேரவிடாமல் தடுக்கும் என்பதால், அதை மட்டுமே கொடுக்காமல் அருகம்புல், வேலிமசால், காய்ந்த புல் என்று கலந்து கொடுங்கள். ஓடாமல் நிற்கும் குதிரைக்குக் கொள்ளைத் தாராளமாகக் குறைக்கலாம். குறைக்கவும் வேண்டும், ஏனென்றால் வேலையில்லாத குதிரைக்கு அதிகத் தானியம் போட்டால் குளம்பு வீக்கமும் தசைப்பிடிப்பும் வரும். கொள்ளுக்குப் பதிலாக மலிவான தவிட்டை அள்ளிப் போடுவது பெருந்தவறு. தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி. மாதக்கணக்கில் அதையே தின்னும் குதிரையின் எலும்பிலிருந்து சுண்ணாம்பு கரைந்து, முகவெலும்பு புடைத்து, கால் நொண்டத் தொடங்கும். எந்தத் தீவன மாற்றத்தையும் ஒரு வாரம் பத்து நாளில் சிறிது சிறிதாகச் செய்யுங்கள். திடீரென்று மாற்றினால் வரும் வயிற்றுவலி குதிரையைக் கொன்றுவிடக்கூடியது; பிழைத்தாலும் அந்த ஒரு வைத்தியச் செலவு ஆண்டு முழுதும் மிச்சம் பிடித்ததை விழுங்கிவிடும்.

இலவசமாகக் கிடைக்கிறதே என்று கொண்டுவந்து போடக் கூடாதவை இங்கே பல. மரச்சீனி இலையிலும் தோலிலும் சயனைடு இருக்கிறது. தோவாளைப் பூச்சந்தைக் கழிவிலும் கோவில் மாலைகளிலும் அரளி இருக்கும். சில இலைகளே குதிரையின் இதயத்தை நிறுத்திவிடும். மாடு ஆசையோடு தின்னும் சூபாபுல் தழையைத் தொடர்ந்து தின்றால் குதிரையின் பிடரி மயிரும் வால் மயிரும் உதிரும். கோழித் தீவனத்தில் கலக்கப்படும் ரத்தக்கழிச்சல் தடுப்பு மருந்துகள் குதிரைக்கு நஞ்சு.

குறைக்கக் கூடாதவை: ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு திருத்துவது, ஆண்டுதோறும் டெட்டனஸ் தடுப்பூசி, குடற்புழு நீக்கம். சவாரி இல்லையென்றால் லாடம் வேண்டியதில்லை. குளம்பை மட்டும் திருத்தினால் போதும், அதில் கொஞ்சம் மிச்சம் உண்டு. மழை மாதங்களில் கொட்டில் தரை ஈரமாகவே கிடந்தால் குளம்பின் அடிப்பகுதி அழுகி நாற்றமெடுக்கும். தரையை உயர்த்தி மணல் போடுவதற்கு ஆகும் செலவை வீண் என்று எண்ணாதீர்கள். அரசு கால்நடை மருத்துவமனையைப் பயன்படுத்துங்கள். அவர்களால் முடியாதபோது, நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டரில் திருநெல்வேலியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சாணத்தை வாழைத் தோட்டக்காரர்களுக்கும் நாற்றங்கால்காரர்களுக்கும் விற்பது சிறு வரவுதான். தீவனச் செலவில் கால் பங்கைக்கூட அது ஈடுகட்டாது. திருமண ஊர்வலத்துக்கும் திருவிழாவுக்கும் வாடகைக்கு விடுவதைப் பற்றிப் பலர் பேசுவார்கள். வெடிச் சத்தத்துக்கும் செண்டைமேளத்துக்கும் பழக்கப்படாத குதிரையைக் கூட்டத்துக்குள் நிறுத்துவது ஆபத்து. யாருக்காவது அடிபட்டால் அந்தப் பொறுப்பும் உங்கள் தலையில்தான் விழும்.

இரண்டாவதாக, ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். கையிருப்பு ஆறு மாதச் செலவுக்கு இறங்கும் நாளுக்குள் வேலை கிடைக்காவிட்டால் குதிரையை வேறிடத்துக்கு அனுப்புவது என்று குடும்பத்தோடு பேசி, இப்போதே முடிவெடுங்கள். மாட்டை வாரத்துக்கு (பலனைப் பங்கிடும் முறையில்) விடுவதைப் போலக் குதிரையையும் பழகிய ஒருவரிடமோ குதிரையேற்றப் பயிற்சி நடத்துபவரிடமோ செலவுப் பொறுப்போடு ஒப்படைக்கலாம். தீவனம் யார் செலவு, வைத்தியம் யார் செலவு, எப்போது திரும்பப் பெறலாம், இறந்துபோனால் என்ன என்பதை முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். விற்பதாக இருந்தால், ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசுவாமி கோவில் திருவிழாவோடு கூடும் குதிரைச் சந்தை தமிழ்நாட்டில் பெயர் பெற்றது. ஆனால் வண்டி வாடகை, வழிச் செலவு, மருத்துவரின் பயணத் தகுதிச் சான்று எல்லாவற்றையும் கணக்கிட்டு, அவசரத்தில் இல்லாதவராக அங்கே போய் நின்றால்தான் விலை படியும். எலும்பும் தோலுமான குதிரைக்குக் கேட்கும் விலை பாதியாகிவிடும் என்பதால், நன்றாக இருக்கும்போதே முடிவெடுப்பது குதிரைக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. தெருவில் அவிழ்த்து விடுவது ஒரு வழியே அல்ல. பட்டினி கிடக்கும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

வங்கியிடம் பேசும் முறை

தவணை தவறுவதற்கு முன்பே கிளை மேலாளரைப் பார்த்து, வேலை போனதை எழுத்தில் தெரிவித்து, கடன் காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். கூச்சப்பட்டுத் தள்ளிப்போடுபவர்களே அதிகம் இழக்கிறார்கள். தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகும். அதன்பின், அடமானச் சொத்தைக் கைப்பற்ற வங்கிக்கு அதிகாரம் தரும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி, கடனைக் கட்டச் சொல்லி 60 நாள் அறிவிப்பு வரும். அந்த அறிவிப்புக்கு நீங்கள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தால் 15 நாளுக்குள் வங்கி காரணத்தோடு பதில் தர வேண்டும்; வீட்டைக் கைப்பற்றும் நடவடிக்கை தொடங்கினால் 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தை அணுகலாம். தாமதத்துக்கு அபராதம் விதிக்கலாமே தவிர, அதை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023-இல் ஆணையிட்டிருக்கிறது. வீட்டைச் சுற்றியுள்ள மனையில் ஐந்து சென்ட்டை விற்றுக் கடனை அடைக்கலாம் என்று நினைப்பவர்கள், அந்தப் பத்திரம் முழுவதும் வங்கியின் அடமானத்தில் இருப்பதால் வங்கியின் எழுத்துப்பூர்வ இசைவில்லாமல் முன்பணம் வாங்க வேண்டாம்.

வட்டி விகிதத்தையும் அப்போதே கேளுங்கள். 2019 அக்டோபர் முதல் வணிக வங்கிகள் வழங்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டவை. அதற்கு முன் வாங்கிய பழைய கடன்கள் பல இன்னும் பழைய முறையில் கூடுதல் வட்டியோடு ஓடிக்கொண்டிருக்கின்றன. சிறு கட்டணம் செலுத்தி மாற்றிக்கொண்டால், ஒரு ரூபாய் அசல் கட்டாமலேயே கடன் சில மாதங்கள் சுருங்கும். இந்த விதி வீட்டுவசதி நிதி நிறுவனங்களைக் கட்டுப்படுத்தாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கட்டும்போதும் முடிக்கும்போதும்

தனிநபர் பெயரில் சொந்தத் தேவைக்காக வாங்கிய மாறும் வட்டிக் கடனை முன்கூட்டியே அடைத்தால், பகுதியாகக் கட்டினாலும் முழுதாகக் கட்டினாலும், வங்கி எந்தக் கட்டணமும் வாங்கக் கூடாது. நிலையான வட்டிக் கடனுக்கு ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். பழைய வரிமுறையில் இருப்பவர்கள், குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை கழிவு பெறுகிறார்கள். புதிய முறையில் அந்தக் கழிவு இல்லை. வருமானமே குறைந்துவிட்ட ஆண்டில் வரிச் சலுகைக்காகக் கடனை வைத்திருப்பதில் பொருளில்லை.

பணம் கட்டும் நாளில், அது அசலைக் குறைக்கும் பகுதி முன்செலுத்தல் என்றும், குறைக்க வேண்டியது காலமா தவணையா என்றும் எழுதிக் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். சொல்லாமல் விட்டால், சில இடங்களில் அடுத்த மாதங்களின் தவணைக்கான முன்பணமாக அதை வரவு வைத்துவிடுவார்கள். அப்படி வைத்தால் வட்டி குறையாது. ஒரு வாரம் கழித்துப் புதிய தவணை அட்டவணையை வாங்கிச் சரிபாருங்கள். தவறு இருந்து, எழுத்தில் முறையிட்டும் 30 நாளுக்குள் சரியான பதில் வராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம்.

முழுக் கடனும் முடிந்த பிறகு, 30 நாளுக்குள் எல்லா மூலப் பத்திரங்களையும் வங்கி திருப்பித் தர வேண்டும்; வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு என்பது 2023 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள விதி. பத்திரங்களைப் பக்கம் பக்கமாக எண்ணி வாங்குங்கள். கடன் தீர்வுச் சான்றையும் பெற்றுக்கொண்டு, கடன் எடுத்தபோது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான உரிமை ஆவண ஒப்படைப்பை நீக்க, கடன் தீர்ந்தது என்று வங்கி தரும் ரசீது ஆவணத்தைப் பதிவு செய்யுங்கள். பலர் இந்தக் கடைசி வேலையை விட்டுவிடுகிறார்கள். பத்தாண்டு கழித்து மகளுக்கு எழுதிவைக்கப் போகும்போது வில்லங்கச் சான்றில் பழைய அடமானம் அப்படியே நிற்கும், அதற்குள் அந்தக் கிளை வேறொரு வங்கியோடு இணைந்திருக்கும். ரசீது ஆவணம் பதிவாகிச் சில நாள் கழித்து இணையத்தில் வில்லங்கச் சான்றை எடுத்துப் பார்த்து, அடமானங்களுக்கான மத்தியப் பதிவேடான சர்சாயிலும் அடமானம் நீக்கப்பட்டதா என்று வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடனோடு சேர்த்து ஒரே தவணையாகக் கட்டிய ஆயுள் காப்பீடு இருந்தால், மீதிக் காலத்துக்கான சரண் மதிப்பு (காப்பீட்டை இடையில் முடித்தால் திரும்பக் கிடைக்கும் தொகை) உண்டா என்று அதே நாளில் விசாரித்துவிடலாம்.